பாப்பா தூங்கட்டும்

1

போன சனிக்கிழமை சுதா ஃபோன் செய்தாள். சங்கராபுரத்துப் பெண். இந்த வின்னிபெக் ஊருக்குக் கல்யாணமாகி வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. கையில் எட்டு மாதக் குழந்தை. முதல் தடவையாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக ஊருக்குப் போகிறாளாம்.

"அக்கா, நீங்க ரெண்டு புள்ளைங்களையும் தனியாவே இட்டுகினு போனீங்களாமே! எப்பிடிக்கா சமாளிச்சீங்க? எனக்கு இப்பவே பயமா இருக்குது."

கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பேச்சைக் காதால் கேட்டாலே நான் உருகிவிடுவேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். தொட்டில் மாட்டுகிற முன்வரிசை சீட்டை இப்போதே கேட்டு வாங்கு. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடு, காது அடைக்காது. மாற்றுத்துணி குழந்தைக்கு மட்டும் எடுக்காதே, உனக்கும் ஒரு செட் கைப்பையில் வை. உன் மேலேதான் கக்கும். புருஷன் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு அங்கே போய் முழிக்காதே. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் பணிப்பெண்ணிடம் குழந்தையை நீட்டு, வெட்கப்படாதே. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தாள்.

"அப்பறம் அக்கா, இன்னோண்ணு. தூங்கறதுக்கு ஒரு சிரப்பு இருக்குதாமே. எல்லாருமே குடுக்கறாங்களாமே. அது பேரு இன்னா?"

"குடுக்காத."

"கொஞ்சூண்டுதான்க்கா, கடைசி ஃபிளைட்டுக்கு மட்டும்..."

"குடுக்காதன்னு சொல்றேன் இல்ல!"

கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று பொய் சொல்லி ஃபோனை வைத்தேன். சுதாவிடம் சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்களில் யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருக்கலாம்.

2

என் மகள் ஓவியா இங்கேதான் பிறந்தாள். நிரந்தரக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்த காலம் அது. இதோ வருகிறது, அதோ வருகிறது என்று நாலு வருடம் இழுத்தது. ஒரு தாள் போதவில்லை என்பார்கள். அதை அனுப்பினால் முன்னால் அனுப்பிய தாளுக்குக் காலம் முடிந்துவிட்டது என்பார்கள். நடுவில் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வரும்போது சிக்கலாகும் என்று பயமுறுத்தியவர்கள் வேறு. அதனால் போகவே இல்லை. ஓவியாவுக்கு நாலு வயது முடிகிறவரை என் அப்பா அவளை ஃபோனில்தான் பார்த்திருந்தார்.

அப்பா கரும்பு விவசாயி. தியாகதுருகத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். அவருக்கு மாலை, எங்களுக்குக் காலை. வயலிலிருந்து வந்து கால் கழுவியதும் ஃபோனைக் கையில் எடுத்துவிடுவார்.

"பாப்பா, இன்னா துன்ன?"

"சீரியல், தாத்தா!"

"தோ பாரு, மாட்டுக்கு வைக்கிற தவுடு மாதிரி இருக்குது. அதப் போயி துன்றியே. உங்கம்மாளுக்கு தோச சுட ஒடம்பு வணங்கல."

இவளுக்குப் பாதி புரியாது. ஆனாலும் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுடைய தமிழ் முழுக்க அந்தப் பத்து நிமிடத்தில் வந்ததுதான். என்னோடு பேசியதைவிட அவரோடு அதிகமாகத் தமிழ் பேசியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

பேச்சு முடியும்போது தினமும் ஒரே பாடம் நடக்கும். "ஊருக்கு வந்தா இன்னா சொல்லணும்?" என்பார் அப்பா. "தாத்தா, நான் வந்துட்டேன்!" என்று இவள் கத்துவாள். "அவ்ளோதானா சத்தம்? நான் கரும்புக் கொல்லையில இருந்தா கேக்க வேணாமா?" இவள் இன்னும் உரக்கக் கத்துவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று நான் ஜன்னலைச் சாத்துவேன்.

குடியுரிமை அட்டை வந்த மாதம் அப்பாவுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள். குடித்தவரில்லை. எப்படி வந்ததோ. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் அழுதுகொண்டே பேசியபோது, "அழாத வளரு. ஆலையில இருந்து எனக்கு இன்னும் வெட்டு ஆர்டர் வரல. பாப்பாவ இட்டுகினு நிதானமா வா," என்றார். கரும்பு முற்றி நின்றாலும் சர்க்கரை ஆலை வெட்டச் சொல்லி உத்தரவு கொடுக்கிறவரை தொட முடியாது. அதைத்தான் சொன்னார். சாகப்போகிற நேரத்திலும் அவருக்கு வாய் அடங்கவில்லை.

மறுநாள் தம்பி பாபு பேசினான். "அக்கா, நிதானமா எல்லாம் வராத. சீக்கிரம் வா. கண்ணத் தொறந்தா பாப்பா எங்க வருதுன்னுதான் கேக்கறாரு."

3

வீட்டுக்காரருக்குப் புது வேலை, லீவு இல்லை. நானும் ஓவியாவும் பதினாலு மாதக் கதிரும் கிளம்பினோம். வின்னிபெக்கிலிருந்து டொராண்டோ, அங்கிருந்து பதின்மூன்று மணி நேரம் வளைகுடா, அங்கே மாறிச் சென்னை.

டொராண்டோவிலேயே தொல்லை ஆரம்பித்தது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற இடத்தில் என் அப்பா பெயர் ஏழுமலை. பிள்ளைகளுக்கு அவர்கள் அப்பா பெயர். மூன்று பேருக்கும் ஒரு பெயர் பொதுவாக இல்லையே, இவர்கள் உன் பிள்ளைகள்தானா என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். எங்கள் ஊரில் குடும்பப் பெயரே கிடையாது தாயே என்று அவளுக்கு எப்படி விளக்குவது? சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரம் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினேன். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் ஒலிபெருக்கியில் "மிஸ் எலுமலாய், மிஸ் எலுமலாய்" என்று அவசரமாகக் கூப்பிட்டார்கள். அப்பா பெயர் அந்தப் பெரிய விமான நிலையம் முழுக்கக் கேட்டது. இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

கதிர் சமர்த்து. பால் குடித்தான், தூங்கினான். ஓவியாதான் ஆடிவிட்டாள். காது வலி, சீட் பெல்ட் வேண்டாம், சோறு வேண்டாம், அப்பா வேண்டும். ஆறாவது மணி நேரத்தில் தொடங்கிய அழுகை நிற்கவே இல்லை. முன்சீட்டில் இருந்த மனிதர் இரண்டு தடவை பெருமூச்சு விட்டார். மூன்றாவது தடவை எழுந்து திரும்பி நின்று, இவ்வளவு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதற்காகப் பயணம் செய்கிறீர்கள் என்று நிதானமான இங்கிலீஷில் கேட்டார்.

என் அப்பா சாகக் கிடக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். சாரி என்றுதான் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது.

கைப்பையில் சளி மருந்து இருந்தது. கிளம்புகிற அன்று ஒரு தோழி கொண்டுவந்து கொடுத்தாள். "மூடியில் பாதி கொடு, ஜம்மென்று தூங்கும். நாங்கள் எல்லாரும் கொடுக்கிறோம்," என்று சொல்லியிருந்தாள். சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இது தூங்க வைப்பதற்கான மருந்தே இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சையே பாதிக்கலாம் என்று பிறகு குழந்தை வைத்தியர் என்னை நன்றாகத் திட்டினார். அப்போது அதெல்லாம் தெரியாது. மூடியில் பாதி ஊற்றிக் கொடுத்தேன். அரை மணியில் தூங்கினாள். முன்சீட்டு மனிதர் திரும்பிப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகைக்கு நான் நன்றி சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வளைகுடாவில் இறங்கியபோது விழித்துக்கொண்டு மறுபடி சிணுங்கினாள். சென்னைக்கு இன்னும் நாலே மணி நேரம். பொறுத்திருக்கலாம். இந்தத் தடவை அந்த மனிதரும் இல்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கே தூங்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். முப்பது மணி நேரமாகக் கண் மூடவில்லை. இன்னொரு பாதி மூடி கொடுத்தேன். அவளும் தூங்கினாள், நானும் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

4

சென்னையில் காலை எட்டு மணிக்கு இறங்கினோம். பாபு கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். ஓவியா அவன் தோளில் துணி மூட்டைபோலக் கிடந்தாள். திண்டிவனத்தில் எழுப்பினேன், எழவில்லை. உளுந்தூர்பேட்டையில் முகத்தில் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். கண்ணைத் திறந்தாள், யாரையும் பார்க்கவில்லை, மூடிக்கொண்டாள். அப்போதுதான் பயம் வந்தது. மூச்சு சீராக இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"இன்னாக்கா, புள்ளைக்கு உடம்பு எதனா சரியில்லயா?" என்றான் பாபு.

"அசதிடா," என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டரை மணி. கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் அப்பா. ஃபோனில் தெரிந்ததைவிடப் பாதிதான் இருந்தார். கண்கள் மஞ்சள். ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். சத்தத்துக்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பாபு ஓவியாவைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் படுக்க வைத்தான். நான் உலுக்கினேன். "ஓவியா, தாத்தா பாரு. தாத்தா வீடு வந்துடுச்சு. எழுந்திருடி." கன்னத்தைத் தட்டினேன். உட்கார வைத்தேன், சரிந்தாள். கொஞ்சம் பலமாகவே தட்டினேன்போல. கன்னம் சிவந்துவிட்டது.

அப்பா என் கையைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

"வுடு வளரு. எவ்ளோ தூரம் வந்துகீது கொழந்த. எழுப்பாத. பாப்பா தூங்கட்டும்."

"அப்பா, உங்ககிட்ட சொல்லணும்னு இவ ஒரு மாசமா..."

"எழுந்து சொல்லும். நான் எங்க போவப் போறேன்?"

அவள் பக்கம் மெல்லத் திரும்பிப் படுத்தார். அவளுடைய உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பாதத்தைத் தொட்டார். "அப்பிடியே எங்கம்மா காலு," என்று தலைமாட்டில் உட்கார்ந்திருந்த என் அம்மாவிடம் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு மணி நேரமும் நான் அவள் காதருகில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

நாலு மணிக்கு மேல் மூச்சு மாறியது. அத்தை, அப்பாவின் தங்கை, பாலோடு வந்துவிட்டார். எங்கள் பக்கம் உயிர் இழுத்துக்கொண்டிருந்தால் யாருக்காகவோ காத்திருக்கிறது என்பார்கள். அந்த ஆள் வந்து வாயில் பால் ஊற்றினால் நிம்மதியாகப் போய்விடுமாம்.

"பேத்திக்கோசரம்தான் உசுரு நிக்குது. புள்ள கையால ஊத்துங்க," என்றார் அத்தை.

"தூங்கறா அத்த."

"தூங்கினா இன்னா, கை இருக்குது இல்ல?"

தூங்குகிறவளைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். அவள் விரல்களுக்குள் கரண்டியை வைத்து, அதன்மேல் அத்தை தன் கையை வைத்து, அப்பா உதட்டில் பாலை விட்டார். கரண்டி இரண்டு தடவை நழுவியது. அப்பா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து மணிக்குப் போய்விட்டார்.

"குடுத்து வச்ச மனுசன். கடல் தாண்டி வந்த பேத்தி கையால பால் குடிச்சிட்டுப் போயிட்டாரு," என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். இன்றைக்கும் ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

5

ஓவியா ஆறு மணிக்கு எழுந்தாள். தானாகவே எழுந்தாள், தெளிவாக. உள்ளறையில் படுக்க வைத்திருந்தேன். பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கூடத்தை அவள் கவனிக்கவில்லை. பின்கதவு வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். தேடிக்கொண்டு ஓடினேன்.

அங்கே பெரியப்பா நின்றிருந்தார். அப்பாவின் அண்ணன், மணலூர்பேட்டையில் மகள் வீட்டோடு இருப்பவர். சேதி கேட்டு அப்போதுதான் வந்திருந்தார். தம்பியைப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் அழப் பிடிக்காமல் பின்பக்கம் வந்து மாட்டுக் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவின் அதே உயரம், அதே முறுக்கு மீசை.

ஓவியா அவருக்கு முன்னால் போய் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

"தாத்தா, நான் வந்துட்டேன்!"

பெரியப்பா திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து அவளை அள்ளித் தூக்கிக்கொண்டார்.

"வந்துட்டியாம்மா? வா, வா," என்றார். கண்ணீர் மீசையில் வழிந்தது. "தாத்தா அழறாரு," என்று ஓவியா துடைத்துவிட்டாள்.

அடுத்த பதினாறு நாளும் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றியவர் அவர்தான். அப்பாவை எடுத்தபோது பிள்ளை பார்க்க வேண்டாம் என்று கரும்புத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனவரும் அவரே. மேற்கே தெரிகிற கல்வராயன் மலையைக் காட்டி, அங்கே கரடி இருக்கிறது என்று கதை விட்டிருக்கிறார். அவரைத் தாத்தா என்று அவள் கூப்பிட்டதில் தப்பே இல்லை. முறைப்படி அவரும் தாத்தாதான். அதனால் யாரும் எதையும் திருத்தவில்லை.

வின்னிபெக் திரும்பி ஒரு மாதம் கழித்து, ஏன் தாத்தா ஃபோனில் வருவதில்லை என்று கேட்டாள். தாத்தா செத்துப்போய்விட்டார் என்று அப்போது சொன்னேன். தோளில் தூக்கியவர்தான் ஃபோன் தாத்தா என்று நினைத்திருந்த அவள், அவருக்காக இரண்டு நாள் அழுதாள். நான் அந்தத் தாத்தாவை அவளுக்கு விட்டுவிட்டேன். பார்த்தேன், பேசினேன், தூக்கினார் என்று அவளுக்கு ஒன்றாவது இருக்கட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயம் என்ன நியாயம், பயம்தான். ஐந்து வருடமாக ஊருக்குப் போகாததற்கும் அதுதான் காரணம். டிக்கெட் விலை, கதிரின் பள்ளிக்கூடம் என்று வெளியில் ஆயிரம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஓவியாவுக்கு ஒன்பது வயது. அவளுடைய தமிழ் போய்விட்டது. தினமும் பத்து நிமிடம் பேச ஆள் இல்லை. நான் கேட்பது புரியும், பதில் இங்கிலீஷில் வரும். கதிருக்கு அதுகூட இல்லை.

6

சுதா பேசிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, பாபு வீடியோவில் வந்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு மணலூர்பேட்டைக்குப் போயிருக்கிறான். "பெரியப்பா பேசணுமாம்," என்று ஃபோனைத் திருப்பினான். அவர் ஃபோன் வைத்துக்கொள்வதில்லை. இத்தனை வருடத்தில் வீடியோவில் வந்ததும் இல்லை. நான் சுதாரிப்பதற்குள் என் தோளுக்குப் பின்னால் ஓவியா வந்து நின்றாள்.

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எழுத முடியாது. "அம்மா! தாத்தா உயிரோட இருக்கார்!" தமிழிலேயே சொன்னாள்.

ஃபோனை அணைத்தேன். உட்கார வைத்துச் சொன்னேன். அவர் தாத்தாவின் அண்ணன். உன் தாத்தா, ஃபோனில் உன்னோடு பேசிய தாத்தா, நாம் போன அன்றே இறந்துவிட்டார். நீ அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தாய், தூங்கிக்கொண்டிருந்தாய்.

"என்னை ஏன் எழுப்பலை?"

"எழுப்பினேன்."

"நான் எழுந்திருக்கலையா?"

"இல்லை."

அவள் வாய் கோணியது. அப்படியானால் தப்பு தன்னுடையதுதான் என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னாள். எல்லாரும் எழுப்பியும் தான் எழுந்திருக்கவில்லை என்றாள்.

அப்பா எழுப்பாதே என்று சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி நிறுத்துவது? "உன் தப்பு இல்லடி கண்ணு. நான் உனக்கு மருந்து கொடுத்தேன். தூங்குறதுக்கு. ரெண்டு தடவை," என்றேன்.

அந்த நேரம் இங்கே பின்னிரவு, மருந்து இல்லாவிட்டாலும் பிள்ளை தூங்கித்தான் இருக்கும் என்று வீட்டுக்காரர் ஐந்து வருடமாகச் சொல்கிறார். இருக்கலாம். அதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கே அது போதவில்லை.

"தாத்தாவுக்கு அது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. உனக்கு அசதின்னு நினைச்சார்."

"அவரைப் பார்க்கப் பிடிக்காமத்தான் தூங்கறேன்னு நினைக்கலையே?"

"ஐயோ இல்லடி. பாப்பா தூங்கட்டும்னு அவர்தான் சொன்னார்."

அணைத்துக்கொள்ளப் போனேன். விலகிக்கொண்டாள். எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை, நானும் சாப்பிடவில்லை. சாயங்காலம் வெளியே வந்து, அம்மாச்சியைப் பார்க்க எப்போது போகிறோம் என்று கேட்டாள். டிசம்பரில் போகலாம் என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கேட்டாள். காத்திருப்பதையும் சேர்த்து முப்பது மணிக்குப் பக்கத்தில் வரும் என்றேன்.

"சரி," என்றாள். "நான் தூங்க மாட்டேன்."